சுவையும் வரலாறும்: ஷெறிப் பீப்பாய் விஸ்கியை முன்வைத்துச் சில குறிப்புகள்

2023 நவம்பரில் இலண்டனிலே நடைபெற்ற ஏலம் ஒன்றில், ஒரேயொரு போத்தல் விஸ்கி 21 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. ஸ்கொட்லாந்தின் மக்கலன் வடிசாலையில் 1926ஆம் ஆண்டு வடிக்கப்பட்டு, முன்னர் ஷெறி என்னும் ஸ்பானிய மது இருந்த பீப்பாயொன்றில் 60 ஆண்டுகள் கிடந்து, 1986இல் 40 போத்தல்களாக அடைக்கப்பட்ட சரக்கு அது. விஸ்கிப் போத்தலொன்றுக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்த விலைகளுள் அதுவே உச்சம்.

இத்தகைய செய்தியைப் படிப்போர் சிலர் வியப்பர், சிலர் வெகுள்வர். வியப்பும் வெகுளியும் விளக்கமாகா. ஒரு பண்டத்தின் சுவையை மனிதர் எவ்வாறு மதிப்பிடுகின்றனர், அம்மதிப்பு எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினாவை அவை தொடுவதில்லை. மதுவைப் புகழ்வது எமது நோக்கமன்று. மதுவினாற் சிதைந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்றையேனும் தன் வகுப்பறையிற் காணாத ஆசிரியர் எமது நாட்டில் அரியர். எனினும், சுவை என்பது நாவுக்கும் பண்டத்துக்குமிடையே மட்டும் நிகழும் தனி உறவா, அன்றி அதற்கும் ஒரு சமூக வரலாறு உண்டா என்பதை ஆராய்வதற்கு, மிக நுண்ணிய புலனறிவைக் கோருவதாகச் சொல்லப்படும் இப்பண்டத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை. முதிர்ந்த ஷெறிப் பீப்பாய் விஸ்கியில் மதிப்பிடுவோர் போற்றுவன இரண்டு: ஒன்று மரம், மற்றது காலம். இவ்விரண்டும் அப்பண்டத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலிற் சுவைஞர் செய்வதைக் காண்போம். வாய் குறுகிய தெளிந்த கண்ணாடிக் கிண்ணத்திற் சிறிதளவு ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்து நிறத்தை நோக்குவர். பின்னர் மூக்கினருகே கொணர்ந்து மணத்தை நுகர்வர். இதுவே முதன்மையான சோதனை. விஸ்கிக் கம்பனிகளிற் கலவைக்குப் பொறுப்பாயிருப்போர், நாள் முழுவதும் வரிசையாக வரும் மாதிரிகளைக் குடியாது மூக்கினாலேயே தேர்ந்து ஒதுக்குவர். அடுத்து ஒரு சிறு மிடற்றை நாவில் உருட்டி, விழுங்கியபின் சுவை எவ்வளவு நேரம் நிலைக்கின்றது என்பதைக் கவனிப்பர். இறுதியாகச் சில துளி நீர் சேர்த்து மீண்டும் நுகர்வர். நீர் சேர்த்தல் வெறுஞ் சடங்கன்று. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து இரசாயனவியலார் 2017இல் வெளியிட்ட கணினி ஆய்வொன்று, மதுசாரத்தின் செறிவு குறையும்போது, புகைமணம் தரும் குவாயகோல் என்னும் பொருளின் மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்பை நாடுகின்றன எனக் காட்டிற்று. மேற்பரப்பில் நிற்பதே மூக்கை எட்டுமாதலால், சில துளி நீர் மணத்தைத் திறந்துவிடுகின்றது.

ஷெறிப் பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியிலே அவர்கள் கண்டு சொல்லும் மணங்கள் பல: முந்திரிகை வற்றல், உலர்ந்த அத்தி, பேரீச்சம்பழம், தோடம்பழத் தோல், கராம்பு, கறுவா. வயது மிக மிகத் தேன்மெழுகு, பழந்தோல், புகையிலை, மெருகிட்ட பழைய தளபாடம் ஆகியவற்றின் மணங்களும் சேரும் என்பர். நாவில் முதலில் இனிப்பும், பின் துவர்ப்பும் தோன்றும். துவர்ப்பைச் சுவை ஆறனுள் ஒன்றாக எண்ணிய தமிழர்க்கு அதனை விளக்கவேண்டியதில்லை. பாக்கையும் கடுஞ்சாயத் தேநீரையும் அறிந்த நா அதனை உடனே இனங்காணும். மரத்திலுள்ள தனின் என்னும் பொருளே அதற்குக் காரணம். அளவோடு நிற்பின் அது இனிப்பைத் திகட்டாமற் காக்கும். மிகுந்தாற் பலகையைச் சப்பிய உணர்வே எஞ்சும். கந்தக நாற்றமும் ஒரு குறையாகும். பழுதுபடாமற் காக்கும்பொருட்டு வெற்றுப் பீப்பாயினுள்ளே கந்தகம் கொளுத்தும் வழக்கம் உண்டு. அதன் எச்சம் எரிந்த தீக்குச்சியின் வாடையாக விஸ்கியிலே தங்கிவிடும். ஆகவே நல்ல மதிப்பீட்டாளர் கேட்கும் தலையாய கேள்வி, வடிநீரும் மரமும் ஒத்து நிற்கின்றனவா, அன்றி மரம் வடிநீரை விழுங்கிவிட்டதா என்பதே.

இக்கேள்வியே எம்மை வரலாற்றுக்கு இட்டுச்செல்கின்றது. கொதிகலத்திலிருந்து இறங்கும் விஸ்கி நீர்போல நிறமற்றது. நாம் மேலே எண்ணிய மணங்களுட் பெரும்பாலானவை அதில் இல்லை. அவை ஓக் மரத்திலிருந்தும், அம்மரத்தில் ஊறிய மதுவிலிருந்தும் வருவன. விஸ்கி பிறந்தபோது அம்மரம் அதனோடு இருந்ததில்லை.

ஸ்கொட்லாந்தில் இவ்வகைக் காய்ச்சல் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று 1494ஆம் ஆண்டின் அரச கணக்கேட்டிலுள்ளது. ஜோன் கோர் என்னும் துறவிக்கு, 'உயிர்நீர்' காய்ச்சுவதற்காக 8 போல் அளவு முளைத்தானியம் கொடுக்கப்பட்டதாக அது பதிவு செய்கின்றது. பின்னர் அக்கலை குடியானவரிடம் பரவிற்று. மலைநாட்டுக் கமக்காரர் மிஞ்சிய வாற்கோதுமையைக் குளிர்காலத்திலே காய்ச்சி, விற்றுக் குத்தகை கட்டினர். எஞ்சியதைத் தாமே குடித்தனர். பல ஆண்டுகள் பூட்டிவைத்து முதிரவிடும் வசதி அவர்களுக்கு ஏது? குத்தகை நாள் காத்திருப்பதில்லை.

அரசு வரிவிதித்தது, குடியானவர் மறைவிற் காய்ச்சினர். 1823இல் இயற்றப்பட்ட சட்டம் நிலைமையை மாற்றிற்று. 10 பவுண் உரிமக் கட்டணத்தோடு, தாங்கக்கூடிய வரியும் விதிக்கப்பட்டமையால், முதல் உடையோர் சட்டப்படி தொழில் நடத்துதல் இலாபகரமாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, கோர்டன் கோமகனின் குத்தகைக்காரரான ஜோர்ஜ் ஸ்மித் கிளென்லிவெட்டில் உரிமம் பெற்றார்; கள்ளக் காய்ச்சலில் நிலைத்த அயலார் அவரைப் பகைத்தமையாற் கைத்துப்பாக்கிகளோடு நடமாடவேண்டியிருந்தது. அதே 1824இல் மக்கலனுக்கு உரிமம் பெற்ற அலெக்சாந்தர் றீட், வாற்கோதுமைக் கமக்காரர், பாடசாலை ஆசிரியருங்கூட. எமது தொழிலைச் சேர்ந்தவர் ஒருவர் தொடக்கிய சாலையின் போத்தலொன்று, ஓர் ஆசிரியர் தம் வாழ்நாள் முழுதும் ஈட்டும் ஊதியத்தைவிடப் பன்மடங்கு விலைபோனமை கருதத்தக்கது.

சட்டப்படியான வடிசாலை யாருடைய சாலையாயிற்று என்பதற்குச் சதர்லாந்துப் பிரதேசம் சான்றாகும். அங்கே 1814க்கும் 1820க்கும் இடையில் ஏறத்தாழ 3,000 குடும்பங்களைச் சேர்ந்த 15,000 மக்கள் தம் பூர்வீக நிலங்களிலிருந்து துரத்தப்பட்டனர் எனவும், 1825 அளவில் அவர்கள் வாழ்ந்த இடத்தில் 131,000 ஆடுகள் மேய்ந்தன எனவும், 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்திலே மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். துரத்தப்பட்டோர் கடற்கரையோரத்துத் துண்டு நிலங்களில் இருத்தப்பட்டனர். அதே நிலப்பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டபோர்ட் பிரபு, 1819இல் புறோரா என்னும் கடற்கரையூரிலே கிளைன்லிஷ் வடிசாலையை நிறுவினார். புதிய குடியிருப்பாளர் விளைவிக்கும் வாற்கோதுமையை வாங்குவதும், அவர்களது கள்ளக் காய்ச்சலை ஒழிப்பதும் அதன் நோக்கங்களாயிருந்தன. குடியானவன் தன் குடிசையிற் காய்ச்சினாற் குற்றமாயிருந்தது, நிலப்பிரபுவின் சாலையிலே அவன் தானியத்தைக் கொண்டு காய்ச்சும்போது கைத்தொழில் வளர்ச்சி எனப் பெயர்பெற்றது. இப்புறோராவை மீண்டும் சந்திப்போம்.

இனி மரத்துக்கு வருவோம். பீப்பாய் என்னும் சொல்லே 'பீப்பா' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் வழி எமது மொழிக்கு வந்தது. ஐபீரியக் குடாநாட்டின் மதுவாணிபம் எத்துணைத் தூரம் பரந்திருந்தது என்பதற்கு அச்சொல்லும் ஓர் அடையாளமே. ஷெறி என்பது, ஸ்பெயினின் தென்கோடியிலே அந்தலூசியாவில் உள்ள ஹெரெஸ் நகரின் பெயரை ஆங்கிலேய நா திரித்ததாற் பிறந்தது. 1587இற் காடிஸ் துறைமுகத்தைத் தாக்கிய பிரான்சிஸ் டிரேக், ஏறத்தாழ 2,900 பீப்பாய் ஷெறியைக் கைப்பற்றிச் சென்றாரென்பர். ஷேக்ஸ்பியரின் போல்ஸ்டாப் அதனை நீளப் புகழ்கின்றான். 19ஆம் நூற்றாண்டிலே அம்மது பிரித்தானிய நடுத்தர வர்க்கத்து வீடுகளின் விருந்தோம்பற் பண்டமாயிற்று.

அக்காலத்தில் ஷெறி போத்தலில் வரவில்லை. ஏறத்தாழ 500 இலீற்றர் கொள்ளும் பீப்பாய்களிலே கப்பலேறி, இலண்டன், பிறிஸ்டல், லீத், கிளாஸ்கோ முதலிய துறைமுகங்களுக்கு வந்து, அங்குள்ள வணிகரால் அடைக்கப்பட்டது. அடைத்தபின் எஞ்சியது வெற்றுப் பீப்பாய். அதனை ஸ்பெயினுக்குத் திருப்பியனுப்பக் கப்பற்கூலி கட்டாது. விஸ்கி வடிப்போருக்கோ சரக்கை இட்டுவைக்க மலிவான கொள்கலன் தேவை. ஒருவன் கழித்ததை மற்றவன் வாங்கினான். அதனுட் கிடந்த விஸ்கி நிறமும் இனிமையும் பெற்று வந்தமை பின்னரே கவனிக்கப்பட்டது. தென்னஞ்சாராயத்தைச் சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழிற் சவண்டலை என்றும் வழங்கும் மரத்தாலான தொட்டிகளில் முதிரவைக்கும் எமது நாட்டு வழக்கத்தை அறிந்தோர்க்கு, மரம் மதுவை மாற்றும் விந்தை புதிதன்று. எனினும் சவண்டலை உள்நாட்டுக் காட்டு மரம். ஸ்கொட்லாந்தின் ஷெறிப் பீப்பாயோ, கடல்கடந்த வாணிபமொன்றின் கழிவு. உலகம் இன்று வியந்து போற்றும் சுவை, சிக்கனத்தின் பயனாக வந்ததேயன்றி, எவரும் திட்டமிட்டுத் தேடியதன்று.

இங்கே பரவலான தவறான எண்ணமொன்றையும் நீக்கவேண்டும். ஹெரெஸின் புகழ்பெற்ற மதுக்கூடங்களிலே, தலைமுறை தலைமுறையாக ஷெறியைச் சுமந்து அடுக்கப்பட்டிருக்கும் பழம்பீப்பாய்களே விஸ்கிக்கு வந்தன எனப் பலர் கருதுகின்றனர். அப்பீப்பாய்களைக் கூடத்தார் எளிதில் விற்பதில்லை. நெடுங்காலம் ஊறி வீரியமிழந்த அம்மரம் மதுவுக்குத் தன் சுவையை ஏற்றாதிருப்பதே அவர்களுக்கு வேண்டியது. ஸ்கொட்லாந்துக்கு வந்தவை கப்பற் பயணத்துக்கென இளமரத்தாற் செய்யப்பட்டவை. எனவே அவற்றில் மரத்தின் சாரம் எஞ்சியிருந்தது.

கழிவு என்றும் போதியதாயிருக்கவில்லை. எனியஸ் கொபி 1830இற் காப்புரிமை பெற்ற தொடர்வடிகலம், மலிவான தானிய மதுசாரத்தைப் பெருமளவில் உற்பத்தி செய்ய வழிவகுத்தது. அதனை மோல்ட் விஸ்கியோடு வரிகட்டுமுன்னரே களஞ்சியத்திற் கலப்பதற்கு 1860ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது. 1860களிலிருந்து பிலொக்சரா என்னும் பூச்சி பிரான்சின் முந்திரிகைத் தோட்டங்களை அழிக்க, பிராந்தி அருகிற்று. அவ்விடத்தை விஸ்கி பிடித்துக்கொண்டது. தேவை பெருகப் பெருக, ஷெறி சுமந்து வந்த பீப்பாய்கள் போதாவாயின. கிளாஸ்கோ வணிகரான லோறி என்பவர், பீப்பாய்களை வேண்டுமென்றே மதுவூட்டிப் பதப்படுத்தும் முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றார். பின்னர், பக்ஸறெற் என்னும் கருநிறத் தித்திப்பு மதுவை வெற்றுப் பீப்பாயின் மரத்துள் அழுத்திச் செலுத்தும் முறையும் பரவி, 1980களின் இறுதிவரை நிலவிற்று. பழைய விஸ்கிகளின் 'மரபுவழிச் சுவை' எனப் போற்றப்படுவதில் ஒரு பகுதி இத்தகைய தொழில்நுட்பத்தின் பயனே.

பீப்பாயின் மறுமுனையிலே ஹெரெஸ் நகரின் உழைப்பாளர் இருந்தனர். சுண்ணாம்பு வெண்மை கொண்ட மண்ணிலே பலோமினோ முந்திரிகையைப் பயிரிட்டுப் பறித்த கூலிகளும், ஓக் பலகையைத் தீயில் வாட்டி வளைத்து இரும்பு வளையம் பூட்டிய பீப்பாய்த் தொழிலாளரும் அவர்கள். வணிகக் குடும்பங்கள் சில பிரித்தானியப் பெயர்களைத் தாங்கியிருந்தன. கூலிகளின் பெயர்களை எந்தப் போத்தலும் தாங்கவில்லை. 1892 ஜனவரியில் ஓரிரவு, சில நூறு நாட்டுப்புறத் தொழிலாளர், சிறையிலிருந்த தம் தோழரை விடுவிக்க எண்ணி நகரினுட் புகுந்தனர். எழுச்சி ஒடுக்கப்பட்டது, அடுத்த மாதம் நால்வர் கொல்லப்பட்டனர், தூக்கினாலன்று, கழுத்தை நெரிக்கும் இயந்திரத்தினால். இந்நிகழ்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு விசென்ட் பிளாஸ்கோ இபாஞெஸ் 1905இல் வெளியிட்ட நாவலின் பெயர் 'லா பொதேகா', அதாவது 'மதுக்கூடம்' என்பதாகும். அக்கொலைகள் நடந்து இரண்டாண்டுகளின்பின், 1894இல், பிலொக்சரா ஹெரெஸையும் எட்டிற்று.

20ஆம் நூற்றாண்டில் இவ்வாணிபத்தின் அமைப்பு மாறிற்று. ஷெறியின் மவுசு குறைந்தது. ஐக்கிய அமெரிக்காவிலோ, 1930களிலிருந்து பேர்பன் விஸ்கியைப் புதிய பீப்பாயிலேயே இடவேண்டுமென்ற விதி நிலைத்தமையால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் மலிவாக ஸ்கொட்லாந்தை வந்தடைந்தன. இன்று அங்கு முதிரும் விஸ்கியின் பெரும்பகுதி அவற்றிலேயே கிடக்கின்றது. 1980களில், ஷெறி ஸ்பெயினிலேயே போத்தலில் அடைக்கப்படவேண்டும் என்ற நிலை உறுதியாயிற்று. பீப்பாய் சுமந்த கப்பல்கள் நின்றன, கழிவும் நின்றது.

அப்போது விஸ்கிக் கம்பனிகள் செய்தது கருதத்தக்கது. ஸ்பெயினின் வடபகுதியிலும் அமெரிக்காவிலும் ஓக் மரங்களை வாங்கி, உலர்த்தி, ஹெரெஸிலே பீப்பாய் செய்வித்து, ஒலொறோசோ என்னும் ஷெறி வகையை அவற்றில் ஓராண்டோ ஈராண்டோ நிரப்பிவைத்து, பின் வெறுமையாக்கி ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுசெல்லத் தொடங்கின. இவ்வாறு பீப்பாயை நனைத்த மது பெரும்பாலும் அருந்துவதற்கு விற்கப்படுவதில்லை. மீண்டும் பீப்பாய் நனைக்கவும், வினாகிரியாக்கவும், காய்ச்சி வடிக்கவும் பயன்படுகின்றது. முன்னர் மதுவைக் கொண்டுசெல்லப் பீப்பாய் செய்தனர். இன்று பீப்பாயைப் பதப்படுத்த மது செய்கின்றனர். கழிவாயிருந்தது சரக்காயிற்று, சரக்காயிருந்தது துணைப்பொருளாயிற்று. இதனால் ஷெறிப் பீப்பாயின் விலை அமெரிக்கப் பீப்பாயின் விலையைவிடப் பலமடங்காகிவிட்டது.

"அந்தக்காலச் சுவை இப்போது இல்லை" என வருந்தும் சுவைஞர் உளர். அவர்களது நா பொய்சொல்லவில்லை. ஐரோப்பிய ஓக் துவர்ப்பையும் உலர்பழ மணத்தையும், அமெரிக்க ஓக் வனிலா, தேங்காய் போன்ற மணங்களையும் மிகுதியாகத் தரும். மரம் மாறியது, மதுவூட்டும் முறை மாறியது, சுவையும் மாறியது. ஆனால் அவர்கள் அதனைக் கலையின் வீழ்ச்சி என்கின்றனர். மாறியது உற்பத்தி முறையும் வாணிபமும் என்பதே சரியான விளக்கம்.

காலத்தின் கதையும் இதை ஒத்ததே. விஸ்கி குறைந்தது மூன்றாண்டுகள் பீப்பாயில் இருக்கவேண்டுமென்ற விதி, பெரும்பாலும் சுவைஞரின் வற்புறுத்தலால் வந்ததன்று. முதலாம் உலகப்போரிலே வெடிமருந்துத் தொழிற்சாலைகளின் உற்பத்தியைக் குடி கெடுக்கின்றதெனக் கருதிய லொயிட் ஜோர்ஜின் நடவடிக்கைகளினூடே 1915இல் அச்சட்டம் பிறந்தது. முதலில் ஈராண்டு, 1916இல் மூன்றாண்டு. பெருங்களஞ்சியங்களை உடைய நிறுவனங்களுக்கு அது சாதகமாயிற்று. காத்திருக்க முதல் இல்லாதோர்க்குப் பாதகமாயிற்று.

பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 வீதம் ஆவியாகிப் போகும். 'தேவதூதரின் பங்கு' என அதனை அழைப்பர். இவ்வீதப்படி கணக்கிடின், 60 ஆண்டுகளிற் பத்தில் ஏழு பங்கு மறைந்துவிடும். இலாபங் கருதும் எந்த வணிகனும் இதனை எளிதில் விரும்பான். அவ்வாறாயின் முதிர்ந்த சரக்குகள் எங்ஙனம் எஞ்சின? பல வேளைகளில் அவை விற்காமற் கிடந்தவை. 1970களின் மிகையுற்பத்தி 1980களின் தொடக்கத்திற் களஞ்சியங்களை நிரப்பிற்று. 1983இற் பல வடிசாலைகள் மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று ஐலா தீவின் போட் எலன். மற்றொன்று நாம் முன்னர் சந்தித்த, 1819இல் துரத்தப்பட்டோரின் கரையிலே எழுந்த சாலை. அயலிற் புதிய சாலையொன்று கட்டப்பட்டபின் அது ஊரின் பெயரால் புறோரா என வழங்கிற்று. தொழிலாளர் வேலையிழந்தனர், பீப்பாய்கள் இருளிற் கிடந்தன. பின்னர் செல்வந்தரிடையே ஒற்றை வடிசாலை விஸ்கிக்கு மோகம் பிறந்தபோது, 'இனிக் கிடைக்காத சாலையின் முதிர்ந்த சரக்கு' எனப் பெரும் விலைக்கு அவை விற்கப்பட்டன. சந்தை வளர்ந்தபின் 2021இற் புறோராவும் 2024இல் போட் எலனும் மீண்டும் திறக்கப்பட்டன. அருமை என்று விலைபேசப்பட்டதன் அடியில் ஒரு பொருளாதார நெருக்கடி கிடந்தது.

ஏலத்தில் உச்சவிலை பெற்ற அந்த மக்கலன் பீப்பாய் நிரப்பப்பட்ட 1926இலேதான், சுரங்கத் தொழிலாளருக்கு ஆதரவாக மே 3 முதல் 12 வரை பிரித்தானியத் தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் செய்தனர். அது போத்தலில் அடைக்கப்பட்ட 1986க்கு முந்திய ஆண்டிலே, அதே தொழிலாளரின் வழிவந்தோர் ஓராண்டு நீடித்த வேலைநிறுத்தத்திலே தோல்வி கண்டனர். இவை அவ்விஸ்கியின் சுவையை மாற்றின என நாம் கூறவில்லை. '60 ஆண்டுகள்' என்று போத்தலின் மேல் எழுதப்படும்போது, அது எவருடைய 60 ஆண்டுகள் என்பதை நினைவூட்டுகின்றோம்.

வரலாற்றை மறந்த நா எளிதில் ஏமாறும் என்பதற்கும் சான்றுகளுண்டு. கருநிறத்தைக் கண்டு நிறைந்த ஷெறி என நம்புவோர், ஸ்கொச் விஸ்கிக்கு நிறமூட்டக் கருக்கிய சீனிச்சாயம் சேர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கின்றது என்பதை எண்ணுவதில்லை. பிரான்சின் போர்தோ நகரில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்றிலே, வெள்ளை மதுவுக்குச் செந்நிறமூட்டிக் கொடுத்தபோது, மதுவியல் பயின்ற 54 மாணவர் செம்மதுவுக்குரிய சொற்களாலேயே அதனை வருணித்தனர். 2017இற் சுவிற்சர்லாந்து விடுதியொன்றில், 1878ஆம் ஆண்டு மக்கலன் என நம்பப்பட்ட விஸ்கியின் ஒரு கிண்ணம் 9,999 பிராங்குக்கு விற்கப்பட்டது. பின்னர் ஆய்வுகூடத்திற் சோதித்தபோது, அது 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்த கலவை விஸ்கியென வெளிப்பட்டது. 2018இல் ஸ்கொட்லாந்து ஆய்வுநிலையமொன்று சோதித்த 55 அரிய போத்தல்களுள் 21 போலியானவை. 1950களிலும் 1960களிலும் வெடிக்கப்பட்ட அணுகுண்டுகள் காற்றிற் பரப்பிய கதிரியக்கக் காபன், அக்காலத்துக்குப் பின் விளைந்த வாற்கோதுமையிலே பதிந்திருப்பதைக் கொண்டு போலியைக் கண்டறிந்தனர். வல்லரசுகளின் குண்டுப் பரிசோதனை, செல்வந்தரின் கிண்ணத்திலே பொய்யைக் காட்டிக்கொடுத்தது.

இவற்றைக் கொண்டு, சுவையே பொய், மதிப்பீடே வஞ்சகம் என முடிவுசெய்வது தவறாகும். முந்திரிகை வற்றலின் மணமும் மரத்தின் துவர்ப்பும் உண்மையாகவே கிண்ணத்தில் உள்ளன. மிகையான மரத்தையும் கந்தக எச்சத்தையும் பெயரறியாத கிண்ணத்திலும் இனங்காணும் மூக்கு, நீண்ட பயிற்சியாற் பெற்ற திறன். பீப்பாய் வளைப்போனின் கைத்திறனைப்போல அதுவும் மதிக்கத்தக்கதே. ஆனால் புலன் 'என்ன' என்பதைச் சொல்லும். 'ஏன்' என்பதைச் சொல்லாது. பெயரையும் விலையையும் வயதையும் மறைத்து வைத்துச் சுவைத்தல் மதிப்பீட்டின் முதற்படி. அவ்வாறு கண்ட சுவை எம்மரத்தால், எவ்வாணிபத்தால், எவருடைய உழைப்பால் வந்தது என வினவுதல் இரண்டாம் படி. முதற்படியில் நின்றுவிடுபவர் சந்தையின் கதைகளை இயற்கையின் நியதிகளாக நம்புவர். முதற்படியைத் தாண்டிக் குதிப்பவரோ, சுவைத்தே பாராது தீர்ப்புக் கூறுவர்.

இலக்கியம் கற்பிக்கும் எமக்கு இவ்விரு சாராரும் புதியவரல்லர். செய்யுளின் நயத்தைச் சொல்லிக் கண்மூடுவதே இரசனை என்போரையும், செய்யுளைப் படிக்காமலே புலவனின் வர்க்கத்தைச் சொல்லிவிடுவதே விமர்சனம் என்போரையும் நாள்தோறும் காண்கின்றோம். மாணவரிடம் நாம் வேண்டுவது இரண்டு படிகளையும் முறையே ஏறும் பொறுமையையே.

முதிர்ந்த ஷெறிப் பீப்பாய் விஸ்கியின் சுவைக்குறிப்பிலே அத்தியும் கராம்பும் பழந்தோலும் இடம்பெறுகின்றன. அவற்றோடு, காட்டில் மரம் வெட்டியவன், அதனைத் தீயில் வாட்டி வளைத்தவன், ஹெரெஸின் வெண்மண்ணிலே முந்திரிகை பறித்தவள், 1983இல் புறோராவின் கதவு மூடப்பட்டபோது வேலையிழந்து வீடு திரும்பியவன் ஆகியோருக்கும் ஒரு வரி எழுதலாம். அந்த வரி எழுதப்படாதவரை, எத்தனை புள்ளிகள் வழங்கப்பட்டாலும் மதிப்பீடு நிறைவுபெறாது.